சீனிவாச இராமானுசனும் பேரெண்களும்

சீனிவாச இராமானுசன் (டிசம்பர் 22, 1887 – ஏப்ரல் 26, 1920) ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னையிலும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலும் பணியாற்றிய கணித மேதை ஆவார். எண் கோட்பாடு, முடிவிலாத் தொடர்கள், தொடர் பின்னங்கள் ஆகிய துறைகளில் அவர் விட்டுச்சென்ற முடிவுகள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை. முப்பத்திரண்டு ஆண்டுகளே வாழ்ந்த அவரை மக்கள் 1729 என்ற எண்ணோடு சேர்த்தே நினைவு வைத்திருக்கின்றனர். ஆனால் அவருடைய வாழ்வில் அதைவிடப் பன்மடங்கு பெரிய முழு எண்கள் பலவற்றுக்கு இடமுண்டு. அவ்வெண்களின் பண்புகளைக் கண்டே அவர் தம் தேற்றங்களை உய்த்துணர்ந்தார். தேற்றங்கள் சோதிக்கப்பட்டதும் அவ்வெண்களிலேயே. சில இடங்களில் அச்சோதனை அவருக்கு எதிராகவும் முடிந்தது. இராமானுசனின் வாழ்க்கையை அத்தகைய பேரெண்களின் வழியாக இக்கட்டுரை கூறுகிறது.

பிறப்பும் பள்ளிப் படிப்பும்

இராமானுசன் ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கராக இருந்தார். தாயார் கோமளத்தம்மாள். குடும்பம் கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வசித்தது. நகர உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது கணிதத்தில் பரிசுகள் பெற்ற மாணவராக இராமானுசன் விளங்கினார்.

1903 ஆம் ஆண்டில், பதினைந்து வயதில், ஜி. எஸ். கார் என்பவர் தொகுத்த ஒரு கணித நூல் அவர் கைக்குக் கிடைத்தது. ஏறத்தாழ ஐயாயிரம் தேற்றங்களையும் வாய்பாடுகளையும் வரிசையாகக் கொண்ட அந்நூல், தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்காக எழுதப்பட்டது. பெரும்பாலான தேற்றங்களுக்கு அதில் முழு நிறுவல் கிடையாது. இராமானுசன் அவற்றைத் தாமே நிறுவத் தொடங்கி, அங்கிருந்து புதிய முடிவுகளுக்குச் சென்றார். முடிவை மட்டும் எழுதி, வந்த வழியை எழுதாமல் விடும் பழக்கம் அவரிடம் வேரூன்றியதற்கு இந்நூலே காரணம் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். காகிதம் விலை உயர்ந்ததாக இருந்ததால் அவர் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, இறுதி முடிவை மட்டும் குறிப்பேட்டில் பதிந்து வந்ததும் மற்றொரு காரணம்.

கல்லூரித் தோல்விகள்

1904 இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதம் தவிர மற்ற பாடங்களில் அவருக்கு மனம் செல்லவில்லை. தேர்ச்சி பெறாததால் உதவித்தொகை நின்றது. 1906 இல் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் உடலியங்கியல் போன்ற பாடங்கள் அவரை வீழ்த்தின. எஃப். ஏ. எனப்பட்ட இடைநிலைத் தேர்வில் அவர் கடைசி வரை தேறவில்லை. பட்டம் இல்லாதவருக்கு வேலையும் இல்லை, ஆராய்ச்சி உதவியும் இல்லை என்பதே அக்கால நிலை.

1909 சூலை 14 அன்று, பத்து வயதே ஆகியிருந்த ஜானகியுடன் அவருக்குத் திருமணம் நடந்தது. குடும்பப் பொறுப்பு ஏற்பட்டபின் குறிப்பேடுகளைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் வேலை தேடி அலைந்தார். 1910 இல் திருக்கோயிலூரில் துணை ஆட்சியராக இருந்தவரும் இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவருமான வி. இராமசுவாமி ஐயரைச் சந்தித்தார். அவர் வழியாகச் சென்னையில் பேராசிரியர் பி. வி. சேஷு ஐயரின் ஆதரவும், நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவின் ஆதரவும் கிட்டின. இராமச்சந்திர ராவ் சிறிது காலம் மாதம் 25 ரூபாய் தந்து உதவினார். 1911 இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் இராமானுசனின் முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. பெர்னூலி எண்களின் பண்புகளைப் பற்றியது அது.

சென்னை வாழ்க்கை

1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கு அவருக்கு மேலதிகாரியாக இருந்த எஸ். நாராயண ஐயர் தாமே ஒரு கணித ஆர்வலர். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு பொறியாளர். அலுவலக வேலை முடிந்தபின் கணக்கிட அவர்கள் இருவரும் இராமானுசனுக்கு வசதி செய்து தந்தனர்.

இராமானுசனின் சென்னை ஒரு சிறிய வட்டத்துக்குள் அடங்கியது. கூவம் ஆற்றின் வளைவில் அமைந்த சிந்தாதிரிப்பேட்டையை நடுவாகக் கொண்டு பார்த்தால், வடகிழக்கே அவர் பணிபுரிந்த துறைமுகமும் முதலில் குடியிருந்த ஜார்ஜ் டவுனும், தென்கிழக்கே பின்னர் குடியேறிய திருவல்லிக்கேணியும், மேற்கே அவர் உயிர் நீத்த சேத்துப்பட்டும் அமைந்துள்ளன.

1913 இல் இந்தியக் கணிதக் கழக இதழில் அவர் ஒரு வினாவை வாசகர்களுக்கு விடுத்தார். மூன்று முழு எண்களின் கனங்களைக் கூட்டினால் மற்றொரு முழு எண்ணின் கனம் கிடைக்குமாறு எண்களை ஆக்கும் ஒரு பொது வாய்பாடு அதில் இருந்தது. 3³ + 4³ + 5³ = 6³ என்பது அதன் மிக எளிய எடுத்துக்காட்டு. கனங்களின் கூட்டுத்தொகையில் அவருக்கிருந்த இந்த ஈடுபாடு, பிற்காலத்தில் புகழ்பெற்ற 1729 நிகழ்ச்சியைப் புரிந்துகொள்ள உதவும்.

ஹார்டிக்கு எழுதிய கடிதம்

1913 சனவரி 16 அன்று, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் இருந்த ஜி. எச். ஹார்டிக்கு இராமானுசன் ஒரு கடிதம் எழுதினார். அதனுடன் நிறுவல் இல்லாத சுமார் 120 முடிவுகளை இணைத்திருந்தார். ஹார்டியும் அவருடைய தோழர் லிட்டில்வுட்டும் அவற்றை ஆராய்ந்து, எழுதியவர் மிக உயர்ந்த தரத்துக் கணிதவியலாளர் என்ற முடிவுக்கு வந்தனர்.

இருப்பினும் கடிதத்தில் இருந்த எல்லாம் சரியாக இருக்கவில்லை. குறிப்பிட்ட எல்லைக்குள் எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதை மிக நுட்பமாகத் தரும் வாய்பாடு தம்மிடம் இருப்பதாக அவர் கூறியிருந்தார். கணக்கிட்டுப் பார்க்கக்கூடிய எண்கள் வரை அது வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்தியது. ஆனால் எண்கள் பெரிதாகும்போது பிழை அவர் எண்ணியதைவிட மிகுதி. இதே துறையில், பகா எண்களின் எண்ணிக்கையை அளக்கும் ஒரு பழைய வாய்பாடு உண்மை எண்ணிக்கையைவிட எப்போதும் கூடுதலாகவே இருக்கும் என்று பலரும் நம்பினர். அட்டவணைகள் அனைத்தும் அதற்குச் சான்றாக இருந்தன. அந்நம்பிக்கை தவறென்று 1914 இல் லிட்டில்வுட் நிறுவினார். அது தவறுவதாக இன்று அறியப்பட்டுள்ள இடம் 317 இலக்கங்கள் கொண்ட எண்களின் அருகே உள்ளது. சிறிய எண்கள் காட்டும் ஒழுங்கு பேரெண்களில் நிலைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. இராமானுசன் நிறுவல்களைக் கற்க வேண்டும் என்று ஹார்டி வற்புறுத்தியதன் உட்பொருள் இதுவே.

இதற்கிடையே வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கரின் பரிந்துரையும் சேர, சென்னைப் பல்கலைக்கழகம் தன் விதியைத் தளர்த்தியது. பட்டம் பெறாத இராமானுசனுக்கு 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கப்பட்டது. 1914 தொடக்கத்தில் கேம்பிரிட்ஜிலிருந்து சென்னைக்கு வந்த ஈ. எச். நெவில் அவரை இங்கிலாந்து வர இணங்க வைத்தார். 1914 மார்ச் 17 அன்று நெவாசா என்ற கப்பலில் இராமானுசன் சென்னையை விட்டுப் புறப்பட்டார். ஜானகி உடன் செல்லவில்லை.

மிகு பகு எண்கள்

கேம்பிரிட்ஜில் அவர் எழுதிய முதல் பெரிய கட்டுரை 1915 இல் இலண்டன் கணிதச் சங்கத்தின் நடவடிக்கைத் தொகுப்பில் வெளியானது. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணைக் காட்டிலும் கூடுதலான வகுஎண்களைக் கொண்ட எண்ணை மிகு பகு எண் எனலாம். எடுத்துக்காட்டாக, 12 ஐ 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். 12 க்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் ஆறு வகுஎண்கள் இல்லை. 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என இவ்வரிசை செல்கிறது. மேலும் வகுபட முடியாத பகா எண்களுக்கு நேர் எதிர்த் துருவத்தில் இருப்பவை இவை.

இவ்வெண்களைப் பகா எண்களின் பெருக்கலாக எழுதினால் 2, 3, 5, 7 என்ற வரிசையில் இடையில் எதுவும் விடுபடாது. அடுக்குகள் இடமிருந்து வலமாக ஏறாது. 4, 36 ஆகிய இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 ஆகவே இருக்கும். இவற்றையும் இவற்றைவிட நுட்பமான பல பண்புகளையும் இராமானுசன் நிறுவினார்.

கட்டுரையில் 102 மிகு பகு எண்களின் பட்டியலைக் கையால் கணித்து அவர் தந்துள்ளார். அதன் கடைசி எண் 6,74,632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800 ஆகும். இலக்கத்தில்:

6746328388800 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

அடுக்கு ஒவ்வொன்றுடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் (7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2) இவ்வெண்ணுக்கு 10080 வகுஎண்கள் உள்ளதைக் காணலாம்.

இப்பட்டியலில் ஒரேயொரு எண் விடுபட்டுவிட்டது என்பதைப் பின்னால் வந்தவர்கள் கண்டனர். அது 293318625600. கடைசி எண்ணிலிருந்து 23 ஐ மட்டும் நீக்கினால் கிடைப்பது இதுவே. இதற்கு 5040 வகுஎண்கள் உள்ளன. கணிப்பொறி இல்லாத காலத்தில் பதின்மூன்று இலக்கம் வரை சென்ற ஒரு பட்டியலில் இத்தனை அரிதாகவே பிழை நேர்ந்தது.

இக்கட்டுரையின் அடிப்படையில் 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு ஆராய்ச்சிவழிப் பட்டம் வழங்கியது. கும்பகோணத்திலும் சென்னையிலும் கிட்டாத பட்டம் அது. சங்கத்தின் நிதி நெருக்கடியால் கட்டுரையின் ஒரு பகுதி அப்போது அச்சாகவில்லை. அப்பகுதியை 1997 இல் நிக்கோலா, ரொபின் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர்கள் குறிப்புகளுடன் வெளியிட்டனர். வகுஎண்களின் கூட்டுத்தொகை பற்றிய ஒரு குறிப்பிட்ட வரம்பு 5040 ஐ விடப் பெரிய எல்லா எண்களுக்கும் பொருந்துமானால் ரீமன் கருதுகோள் உண்மை என்றும், கருதுகோள் உண்மையானால் வரம்பு பொருந்தும் என்றும் இவர்களுள் ஒருவரான ரொபின் 1984 இல் நிறுவியிருந்தார். இராமானுசனின் அச்சாகாத பக்கங்களும் இதே வகை வரம்புகளையே ஆராய்கின்றன.

டௌ சார்பு

1916 இல் வெளியான மற்றொரு கட்டுரையில், முழு எண் ஒவ்வொன்றுக்கும் வேறொரு முழு எண்ணை இணைக்கும் ஒரு சார்பை அவர் ஆராய்ந்தார். டௌ என்ற கிரேக்க எழுத்தால் அது குறிக்கப்படுகிறது. 1, 2, 3, 4, 5, 6 ஆகியவற்றுக்கு அதன் மதிப்புகள் முறையே 1, −24, 252, −1472, 4830, −6048. இரண்டுக்குரிய மதிப்பையும் மூன்றுக்குரிய மதிப்பையும் பெருக்கினால் ஆறுக்குரிய மதிப்பு கிடைப்பதைக் காணலாம். பொதுக் காரணி இல்லாத எந்த இரு எண்களுக்கும் இது பொருந்தும் என இராமானுசன் கூறினார். 1917 இல் மோர்டெல் அதை நிறுவினார். பகா எண்களில் இம்மதிப்பு எவ்வளவு பெரிதாகலாம் என்பது பற்றிய இராமானுசனின் ஊகம் மட்டும் எளிதில் வசப்படவில்லை. 1974 இல் டெலின் அதை நிறுவியபோது இயற்கணித வடிவியலின் மிக ஆழமான கருவிகள் தேவைப்பட்டன.

பிரிவினை எண்கள்

ஒரு முழு எண்ணை முழு எண்களின் கூட்டலாக எத்தனை வகையில் எழுதலாம் என்பதே பிரிவினைச் சிக்கல். நான்கை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையில் எழுதலாம். எனவே நான்கின் பிரிவினை எண் 5. பத்துக்கு 42, ஐம்பதுக்கு 2,04,226, நூறுக்கு 19 கோடியே 5 இலட்சத்து 69 ஆயிரத்து 292 என இவ்வெண்கள் வெகு விரைவில் பெருகுகின்றன.

எண்ணிப் பார்க்காமலே பிரிவினை எண்ணைத் தரும் ஒரு வாய்பாடு உண்டா என்று இராமானுசனும் ஹார்டியும் ஆராய்ந்தனர். அவர்கள் வகுத்த வழி இன்று வட்ட முறை எனப்படுகிறது. முதல் நிலையில் கிடைத்த தோராய வாய்பாடு 200 க்குச் சுமார் 4,10,000 கோடி என்ற மதிப்பைத் தருகிறது. உண்மை மதிப்பைவிட இது ஏறத்தாழ மூன்று விழுக்காடு கூடுதல். வாய்பாட்டுடன் மேலும் உறுப்புகளைச் சேர்த்தால் துல்லியம் கூடும் என்று கண்டனர். எவ்வளவு கூடும் என்பதைச் சோதிக்க உண்மையான எண் தேவைப்பட்டது.

அதைத் தந்தவர் மேஜர் பெர்சி மக்மாஹன். இளமையில் பீரங்கிப்படை அதிகாரியாகச் சென்னைக்கு அனுப்பப்பட்டு இந்தியாவில் சில ஆண்டுகள் பணிபுரிந்தவர் அவர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் கண்ட ஒரு தொடர்பைக் கொண்டு, 1 முதல் 200 வரையுள்ள எல்லா எண்களுக்கும் பிரிவினை எண்களை அவர் கையால் கணித்தார். முன்னே கணித்த மதிப்புகளைக் கூட்டியும் கழித்தும் அடுத்த மதிப்பைப் பெறுவது இம்முறை. 200 க்கு மட்டும் முந்திய 22 மதிப்புகள் தேவை. ஒன்றில் பிழை நேர்ந்தாலும் அதற்குப்பின் வருபவை பலவும் பிழையாகும். முடிவில் அவர் பெற்ற எண்:

3972999029388

அதாவது 3,97,299 கோடியே 90 இலட்சத்து 29 ஆயிரத்து 388. இத்தனை பிரிவினைகளையும் நொடிக்கு ஒன்றாக எழுதினால் ஒரு இலட்சத்து இருபத்தைந்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இராமானுசன்–ஹார்டி வாய்பாட்டின் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது கிடைத்த மதிப்பு 3972999029388.004. பதின்மூன்று இலக்க எண் ஒன்றில் பிழை, ஒன்றின் ஆயிரத்தில் நான்கு பங்கு மட்டுமே. வாய்பாடு தருவது வெறும் தோராயம் அன்று, மிக அருகிலுள்ள முழு எண்ணை எடுத்தால் துல்லியமான விடையே கிடைக்கிறது என்பது இதனால் உறுதியாயிற்று. முழு ஆய்வு 1918 இல் வெளிவந்தது. 1937 இல் ராடமேக்கர் இதைச் சிறிது மாற்றி முற்றிலும் துல்லியமான வாய்பாடாக ஆக்கினார். வட்ட முறை பின்னர் எண் கோட்பாட்டின் பல சிக்கல்களுக்குப் பயன்பட்டது. வாரிங் சிக்கலில் உழைத்த தமிழ்நாட்டுக் கணிதவியலாளர் எஸ். எஸ். பிள்ளையின் சாதனைகளும் இம்மரபில் வந்தவையே.

மக்மாஹனின் அட்டவணையை இராமானுசன் வேறொரு கண்ணோடும் பார்த்தார். 4 இலோ 9 இலோ முடியும் எண்களின் பிரிவினை எண்கள் அனைத்தும் 5 ஆல் வகுபடுகின்றன. 4 க்கு 5, 9 க்கு 30, 14 க்கு 135, 19 க்கு 490 என்பவை எடுத்துக்காட்டுகள். இதுபோல 7 ஆலும் 11 ஆலும் வகுபடும் வரிசைகளையும் அவர் கண்டார். கூட்டலைப் பற்றிய ஒரு சிக்கலில் வகுத்தலின் ஒழுங்கு புலப்படும் என்று எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. 5 க்கும் 7 க்கும் உரிய நிறுவல்களை 1919 இல் அவர் வெளியிட்டார். அக்கட்டுரையிலேயே இவ்வொழுங்கு 5, 7, 11 ஆகியவற்றின் எல்லா அடுக்குகளுக்கும் நீளும் என்ற பொது ஊகத்தையும் எழுதினார்.

நோயும் 1729 உம்

1917 இல் இராமானுசன் கடும் நோய்க்கு ஆளானார். முதல் உலகப் போர்க் காலத்துத் தட்டுப்பாடு, மரக்கறி உணவு கிடைப்பதில் இருந்த இடர்ப்பாடு, குளிர், தனிமை ஆகியவை அவரை வாட்டின. மருத்துவர்கள் பெரும்பாலும் காசநோய் என்றே கருதினர். 1994 இல் டி. ஏ. பி. யங் என்ற மருத்துவர் பழைய ஆவணங்களை ஆராய்ந்து, அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்றார். அந்நோயாயின் அக்காலத்திலேயே குணப்படுத்த வழி இருந்தது.

1918 மே மாதம் அவர் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளர் தகுதி பெற்ற முதல் இந்தியர் ஆனார்.

இலண்டனை அடுத்த புட்னியில் சிகிச்சை பெற்றுவந்தபோது ஹார்டி அவரைக் காண வந்தார். தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அது சுவையற்ற எண்ணாகத் தோன்றுகிறது என்றும் ஹார்டி கூறினார். இராமானுசன் உடனே மறுத்து, இரு கனங்களின் கூட்டலாக இரு வேறு வகையில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுவே என்று விளக்கினார்.

1729 = 1³ + 12³ = 9³ + 10³

நான்காம் அடுக்குகளுக்கு இதுபோன்ற எண் எது என்று ஹார்டி கேட்டார். சற்று எண்ணிப்பார்த்த இராமானுசன், தமக்கு அது தெரியவில்லை என்றும் அவ்வெண் மிகப் பெரியதாக இருக்கும் என்றும் கூறினார். ஆய்லர் முன்னரே கண்டிருந்த அவ்வெண் 635318657. அது 59⁴ + 158⁴ ஆகவும் 133⁴ + 134⁴ ஆகவும் அமைகிறது.

1729 இன் இப்பண்பு 1657 இலேயே பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபிரெனிக்கிள் என்பவரால் குறிக்கப்பட்டது. இராமானுசன் அதை மருத்துவமனைப் படுக்கையில் நொடிப்பொழுதில் கண்டுபிடித்தார் என்று பலர் எழுதுவது பொருத்தமன்று. 9³ + 10³ என்பது 12³ ஐ விட ஒன்றே ஒன்று கூடுதல் என்ற உண்மை அவருடைய தாள்களில் இடம்பெற்றுள்ளது. இரு கனங்களின் கூட்டல் மற்றொரு கனத்துக்குச் சமமாகாது என்பது ஃபெர்மாவின் கூற்று. ஒரே ஒரு எண் வேறுபாட்டில் அக்கூற்றைத் தவறவிடும் எண்களை முடிவின்றி ஆக்கும் முறையை அவர் எழுதி வைத்திருந்தார். 135³ + 138³ = 172³ − 1 என்பதும், 11161³ + 11468³ = 14258³ + 1 என்பதும் அங்கு உள்ளவை. 2016 இல் கென் ஓனோவும் சாரா டிரெபாட்-லெடரும் வெளியிட்ட ஆய்வு, இப்பக்கத்தின் பின்னணியில் பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே பெயர் பெற்ற ஒரு வகை வளைபரப்பு மறைந்திருப்பதைக் காட்டியது. நெடுநாள் உழைப்பின் விளைவே அந்த உடனடி விடை.

தாயகம் திரும்பலும் மறைவும்

போர் முடிந்தபின் 1919 மார்ச்சில் இராமானுசன் பம்பாய் வந்து சேர்ந்து, ஏப்ரலில் சென்னை திரும்பினார். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகையை அறிவித்திருந்தது. கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் சில காலம் தங்கிச் சிகிச்சை பெற்றார். உடல்நிலை தேறவில்லை. 1920 சனவரியில் சென்னையிலிருந்து ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் போலித் தீட்டா சார்புகள் என்ற புதிய கண்டுபிடிப்பை அறிவித்தார். படுக்கையில் இருந்தபடியே இறுதி நாட்கள் வரை அவர் கணக்கிட்டு வந்தார் என்றும், எழுதிய தாள்களைத் தாம் ஒரு பெட்டியில் சேர்த்து வைத்ததாகவும் ஜானகி அம்மாள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் ஒரு வீட்டில் இராமானுசன் காலமானார்.

மறைவுக்குப் பின் ஊகங்களின் நிலை

பிரிவினை எண்கள் பற்றிய பொது ஊகத்தின் கதை, அவருடைய முறையின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டுகிறது. அவர் கையில் இருந்த மக்மாஹன் அட்டவணை 200 வரை செல்லும். 5 இன் மூன்றாம் அடுக்கான 125 க்கு ஊகத்தைச் சோதிக்கும் முதல் இடம் 99. அங்கு பிரிவினை எண் 169229875. அது 125 ஆல் சரியாக வகுபடுகிறது. 7 இன் இரண்டாம் அடுக்கான 49 க்கு முதல் இடம் 47. அங்குள்ள 124754 உம் சரியாக வகுபடுகிறது. 7 இன் மூன்றாம் அடுக்கான 343 க்கு முதல் இடம் 243. அட்டவணையோ அதற்கு 43 எண்கள் முன்பே முடிந்துவிடுகிறது.

பஞ்சாபைச் சேர்ந்த ஹன்ஸ்ராஜ் குப்தா 1930களில் அட்டவணையை 300 வரை நீட்டினார். அதைக் கண்ட சர்வதமன் சாவ்லா 1934 இல் 243 க்குரிய எண்ணைச் சோதித்தார். அது 133978259344888. இதை 49 ஆல் வகுத்தால் மீதியின்றி 2734250190712 கிடைக்கிறது. அதை மீண்டும் 7 ஆல் வகுத்தால் மீதி 5. ஆகவே ஊகம் 7 இன் அடுக்குகளுக்கு எழுதப்பட்டவாறு பொருந்தாது.

ஆயினும் ஊகம் வீழ்ந்துவிடவில்லை. 1938 இல் வாட்சன் 5 இன் எல்லா அடுக்குகளுக்கும் அது உண்மை என்றும், 7 க்கு அடுக்கைச் சிறிது குறைத்துத் திருத்தினால் உண்மை என்றும் நிறுவினார். 1967 இல் அட்கின் 11 இன் எல்லா அடுக்குகளுக்கும் நிறுவினார். 2000 இல் கென் ஓனோ, 5 முதலான எல்லாப் பகா எண்களுக்கும் பிரிவினை எண்களில் இத்தகைய வகுபடும் வரிசைகள் உண்டு என்று காட்டினார்.

குறிப்பேடுகளும் நினைவுச் சின்னங்களும்

இராமானுசனின் கட்டுரைத் தொகுப்பு 1927 இல் வெளிவந்தது. அவருடைய குறிப்பேடுகளின் ஒளிப்படப் பதிப்பை 1957 இல் பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டது. கடைசி ஆண்டின் தாள்கள் பலர் கைமாறி டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கிடந்தன. 1976 இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அவற்றைக் கண்டெடுத்தார். தொலைந்த குறிப்பேடு என்று அவை வழங்கப்படுகின்றன. புரூஸ் பெர்ண்ட் குறிப்பேடுகளின் முடிவுகள் ஒவ்வொன்றையும் ஆராய்ந்து 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். தவறானவை மிகச் சிலவே என்பது அவ்வாய்வின் முடிவு.

ஜானகி அம்மாள் தையல் வேலை செய்து தம் வாழ்வை நடத்தி, திருவல்லிக்கேணியில் பல்லாண்டுகள் வசித்து, 1994 ஏப்ரலில் மறைந்தார். 1950 இல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் தொடங்கப்பட்ட இராமானுசன் கணித நிறுவனம், பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயர் கணித ஆய்வு மையமாக வளர்ந்தது. இராயபுரத்தில் கணித ஆசிரியர் பி. கே. சீனிவாசனின் முயற்சியால் 1993 இல் இராமானுசன் அருங்காட்சியகம் தோன்றியது. 2012 ஆம் ஆண்டு இந்தியாவில் தேசியக் கணித ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அவர் பிறந்த டிசம்பர் 22 தேசியக் கணித நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. கும்பகோணத்தை மையமாகக் கொண்டு 2005 முதல் வழங்கப்படும் சாஸ்திரா இராமானுசன் பரிசுக்கு வயது வரம்பு 32. இராமானுசன் வாழ்ந்த ஆண்டுகளின் எண்ணிக்கை அது.